தொட்டுக்கொள்ள ஒரு சீஸ் துவையல்

'டிப்' என்பதற்குத் தமிழ் கேட்டால் துவையல் என்றே சொல்வேன். ஒரு பெரிய கத்தரிக்காய், 2 குடைமிளகாய் இரண்டுக்கும் எண்ணெய் தடவி, தோல் கருகும்வரை தணலில் சுடுங்கள். 10 நிமிடம் மூடிவைத்தால் தோல் தானே கழன்றுவிடும். கழுவாதீர்கள், புகை வாசனை போய்விடும். ஆனால் வடிதட்டில் போட்டு நீரை வடித்தே ஆக வேண்டும். டெல்லியில் ஒரு விருந்தன்று அவசரத்தில் அதை விட்டேன். கிண்ணத்தில் இருந்தது ரசம்!

காய்களை மட்டும் பூண்டுடன் அரைத்து, 100 கிராம் துருவிய சீஸ், துணியில் கட்டித் தொங்கவிட்ட தயிர் ஒரு கப், மிளகுத்தூள் சேர்த்துக் கரண்டியால் கலக்குங்கள். மிக்ஸியில் போட்டால் தயிர் இளகிவிடும். உப்பு கடைசியில், சீஸிலேயே நிறைய உண்டு.

சைவர்கள் வருகிறார்களா? சில சீஸ்களை உறையவைக்கும் ரென்னட் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கப்படுவது. உறையில் பச்சைப் புள்ளியைக் காட்டிய பிறகுதான் என் அத்தை கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்தார்.