துறைமுகத்திற்குள் என்ன வேகம்?

2024 டிசம்பர் 18 அன்று மும்பைத் துறைமுகத்தில் நடந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். கேட்வே ஆஃப் இந்தியாவிலிருந்து எலிஃபெண்டா தீவுக்கு 100க்கும் மேற்பட்டவர்களோடு சென்ற 'நீல்கமல்' என்ற பயணிகள் படகின்மீது, இயந்திரச் சோதனை ஓட்டத்தில் இருந்த கடற்படையின் வேகப்படகு மோதியது. அன்றே 13 பேர் உயிரிழந்தனர். பின்னர் எண்ணிக்கை மேலும் கூடியது. வேகப்படகு வளைந்து திரும்பி நேராகப் பாய்ந்து வருவதைப் பயணி ஒருவர் கைப்பேசியில் படம்பிடித்திருந்தார்.

படகு கட்டுப்பாட்டை இழந்தது எனக் கடற்படை தெரிவித்தது. இயந்திரம் பழுதாவது யாருக்கும் நேரலாம். ஆனால் குடும்பம் குடும்பமாக மக்கள் பயணம் செய்யும் நீர்ப்பரப்பில் அந்தச் சோதனை எதற்கு?

கடலில் மோதலைத் தவிர்ப்பதற்கான பன்னாட்டு விதிகள் 1972இல் வகுக்கப்பட்டு 1977இல் நடைமுறைக்கு வந்தன. அவற்றின் 6ஆம் விதி வேகத்தைப் பற்றியது. வியப்பு என்னவென்றால், அதில் எண் எதுவும் இல்லை. 'பாதுகாப்பான வேகம்' என்று மட்டுமே சொல்கிறது. எவ்வளவு தூரம் கண்ணுக்குத் தெரிகிறது, சுற்றிலும் எத்தனை படகுகள் உள்ளன, நம் படகு நிற்க எவ்வளவு தூரம் பிடிக்கும், காற்றும் நீரோட்டமும் எப்படி, ஆழம் எவ்வளவு என்று பார்த்து ஓட்டுபவரே முடிவுசெய்ய வேண்டும். பல நாடுகளின் சிறு துறைமுகங்களில் 5 அல்லது 6 நாட், அதாவது மணிக்குச் சுமார் 10 கிலோமீட்டர், என்று பலகை வைத்திருக்கிறார்கள். சைக்கிளில் போகும் வேகம்தான். அந்தப் பலகை இல்லாத இடத்திலும் பொறுப்பு நீங்குவதில்லை. முந்திச் செல்கிறவரே விலகிச் செல்ல வேண்டும் என்கிறது 13ஆம் விதி. நம் சாலைகளில் முந்துகிறவர் ஹாரன் அடித்து மற்றவரை விலகச் சொல்கிறார்!

மும்பையில் நடந்தது மோதல். நம் மீன்பிடித் துறைமுகங்களில் அன்றாடத் தொல்லை, படகு கிளப்பிவிடும் அலைதான். அலையின் உயரம் இருமடங்கானால் அதன் ஆற்றல் நான்கு மடங்காகிறது. வெளிப்பொருத்து எஞ்சின் மாட்டிய ஃபைபர் படகு, முன்பக்கம் தூக்கியபடி நடுத்தர வேகத்தில் போகும்போதுதான் பெரிய அலையை எழுப்புகிறது. "வேகத்தைக் குறைத்துவிட்டேனே" என்று ஓட்டுபவர் உண்மையாகவே நம்புவார். அலை கரையைத் தொடும்போது அவர் வாயிலைத் தாண்டியிருப்பார். தம் பின்னால் நடந்ததை அவர் பார்ப்பதே இல்லை.

நம் பங்கைச் சேர்ந்த ஒருவர் வள்ளத்தில் ஐஸ் பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தபோது அப்படி ஓர் அலை வந்தது. இரு படகுகளுக்கு நடுவே கை சிக்கி, இரண்டு விரல்கள் நசுங்கின. மூன்று மாதம் தொழிலுக்குப் போகவில்லை. அலையை எழுப்பியவர் யார் என்று இன்றுவரை தெரியாது. அவருக்கும் தெரியாது என்பதுதான் நம்மை உறுத்துகிறது.

விரைகிறவர்களை வெறும் திமிர் பிடித்தவர்கள் என்று சொல்லிவிட நமக்கு மனமில்லை. தூத்துக்குடி போன்ற இடங்களில் விசைப்படகுகள் காலை 5 மணிக்குத்தான் கிளம்பலாம்; இரவு 9 மணிக்குள் திரும்ப வேண்டும். எல்லாரும் ஒரே வேளையில் ஒரே வாயில் வழியாக வெளியேறுகிறார்கள். டீசல் விலை, கடன், முதலில் போனவருக்கே பாடு என்ற நினைப்பு எல்லாம் சேர்ந்து விரட்டுகின்றன. ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலம் முடிந்து ஜூன் 15 அன்று கடலுக்குப் போகும்போது கேட்கவே வேண்டாம். ஆனால் துறைமுகத்திற்குள் உள்ள தூரம் எவ்வளவு? அரை கிலோமீட்டர் என்றே வைத்துக்கொள்வோம். மணிக்கு 20 கிலோமீட்டருக்குப் பதில் 10 கிலோமீட்டரில் சென்றால் கூடுதலாக ஆவது ஒன்றரை நிமிடம். பதினாறு மணி நேரத்தில் ஒன்றரை நிமிடம்!

படகு மந்திரிப்புக்கு நம்மை அழைக்கும்போது, வள்ளத்துக்காரர்களையும் விசைப்படகு டிரைவர்களையும் ஒரே இடத்தில் காண்கிறோம். மற்ற நாள்களில் அவர்கள் அப்படிக் கூடுவது அரிது. அன்று மந்திரிப்பு முடிந்ததும் கலைந்துவிடாமல், அலைதடுப்புச் சுவரின் முனை வரை எல்லாரும் எஞ்சினை அடக்கியே ஓட்டுவது என்று அவர்களே பேசி முடிவுசெய்தால் என்ன? கை நசுங்கிய அந்தச் சகோதரரை முதலில் பேச அழைக்க எண்ணியிருக்கிறோம். வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.