பரமபதக் கட்டமும் சதுரங்கக் கட்டமும்

தூத்துக்குடிச் சீமையில் ஸ்ரீவைகுண்டம் என்று ஓர் ஊரும், அதைச் சேர்த்து நவதிருப்பதி என்று ஒன்பது பெருமாள் கோயில்களும் இருப்பது யாவரும் அறிந்ததே. வைகுண்ட ஏகாதசியன்று அப்பக்கத்தில் மாத்திரமின்றித் தமிழ்நாடெங்கும் பக்தர்கள் இரவு கண் விழிப்பதும், தூக்கம் வராமலிருக்கப் பரமபதக் கட்டத்தை விரித்துத் தாயமோ சோழியோ உருட்டுவதும் வழக்கம். பிள்ளைகள் பொழுதுபோக்காய் ஆடுவதில் நமக்கு ஆட்சேபனையில்லை. அந்த ஆட்டத்துக்குள் புகுத்தப்பட்டிருக்கும் பாடத்தைப் பற்றியே பேச வருகின்றோம்.

அக்கட்டத்தில் ஏணி என்பது புண்ணியமாம். பாம்பு என்பது பாவமாம். உச்சியில் இருப்பது வைகுண்டமாம். சரி, ஏணியில் ஏறினவன் என்ன புண்ணியம் செய்தான்? பாம்பின் வாயில் விழுந்தவன் யார் குடியைக் கெடுத்தான்? கையை விரித்தான், சோழி விழுந்தது, அவ்வளவுதானே! ஆறு முகமுள்ள பகடையைக் கள்ளன் உருட்டினாலும் யோக்கியன் உருட்டினாலும் ஒவ்வோர் எண்ணும் விழ ஆறில் ஒரு பங்கு வாய்ப்புத்தான். சோழியோ, நம் கடற்கரைப் பிள்ளைகளுக்கும் தெரிந்தபடி, செத்துப்போன கடல் நத்தையின் ஓடு. நத்தை ஓட்டுக்கு நம் பாவ புண்ணியக் கணக்குத் தெரியும் என்று நம்புகிறவனுக்கு ஆறறிவு என்று சொல்வது தகுமா என்று கேட்கின்றோம்.

"இது வெறும் விளையாட்டுத்தானே" என்பார்கள் சிலர். கட்டத்தில் பழகின புத்தி கட்டத்தோடு நிற்பதில்லை. 13-ஆம் நூற்றாண்டில் மார்க்கோ போலோ என்னும் வெனிஸ் நகர யாத்திரிகர், இந்த மன்னார்க் கடலின் முத்துக்குளிப்பைப் பற்றி எழுதியிருப்பதைப் பாருங்கள். குளிப்பவர்களைப் பெருமீன்கள் தீண்டாதபடி மந்திரம் போட ஆட்கள் இருந்தார்களாம்; எடுத்ததில் இருபதில் ஒரு பங்கு அவர்களுக்குக் கூலியாம்; இரவானதும் மந்திரத்தை அவிழ்த்தும் விடுவார்களாம்! மூச்சை அடக்கிக் கடலடியில் இறங்கினவன் ஒருவன். வாயை அசைத்துப் பங்கு வாங்கினவன் மற்றொருவன். சுறா வராத நாளில் மந்திரத்துக்குப் பெருமை. வந்த நாளில் குளித்தவனின் தலைவிதி. பரமபதக் கட்டம் போதிப்பதும் இதைத்தானே?

இனி, ஆடுபுலி ஆட்டத்தைப் பாருங்கள். புலி 3, ஆடு 15. பகடையும் இல்லை, சோழியும் இல்லை. ஆடுகள் சிதறி நின்றால் புலிக்கு இரை. ஒட்டி நின்றால் புலிக்கு நகர இடமில்லை. சதுரங்கமும் அப்படியே. 64 கட்டம், கட்சிக்கு 16 காய். தோற்றவன் தான் நகர்த்தின காயைத்தான் ஆராய வேண்டும். பழியைப் போட அங்கே விதி என்று ஒன்றில்லை. கடைசி வரிசையை எட்டின காலாள் ராணியாகவே உயரலாம்; "நீ எந்தக் கட்டத்தில் பிறந்தாய்?" என்று எவனும் கேட்பதில்லை.

இந்த அறிவாட்டத்தையும் புராணம் விட்டுவைக்கவில்லை. நீடாமங்கலத்தை அடுத்த திருப்பூவனூர்க் கோயிலில் சாமிக்குச் சதுரங்க வல்லபநாதர் என்று பெயர். சிவன் வேடமிட்டு வந்து, ராஜகுமாரியைச் சதுரங்கத்தில் வென்று மணந்தாராம்! 2022-இல் மாமல்லபுரத்தில் 44-ஆவது செஸ் ஒலிம்பியாட் நடந்தபோதும் இக்கோயிலின் பெருமை பேசப்பட்டது. எல்லாம் அறிந்த கடவுள் ஒரு பெண்ணை ஆட்டத்தில் வென்றதில் வீரமென்ன இருக்கின்றது? 1961-இல் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டரான மானுவல் ஆரோன், 1988-இல் முதல் கிராண்ட்மாஸ்டரான விசுவநாதன் ஆனந்த், 2024 டிசம்பரில் 18 வயதில் உலகச் சாம்பியனான குகேஷ் ஆகியோர் எந்த வரத்தால் வென்றார்கள்? யார் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் காயை நகர்த்தினது அவரவர் மூளையும் பயிற்சியுமேயன்றி வேறல்ல.

ஆகையால் தோழர்களே! செலவொன்றும் வேண்டாம். திண்ணையில் கரியால் 64 கட்டம் கீறுங்கள். அதே சோழியையும் கிளிஞ்சலையும் காய்களாக்குங்கள். ஆண் பிள்ளைகளோடு பெண் பிள்ளைகளையும் உட்கார வையுங்கள். நாளைக்கு எவனாவது வந்து "எல்லாம் தலையெழுத்து" என்றால், "எந்தக் காயைத் தப்பாக நகர்த்தினீர்?" என்று அந்தப் பிள்ளைகளே கேட்பார்கள்.