ஊரே மேடையானால்…

ஆண்டு விழா நாடகம் என்றதும் நம் வீடுகளில் எழும் முதல் கேள்வி, "உடை வாடகை எவ்வளவு?" என்பதுதான். சென்ற ஆண்டு எங்கள் வகுப்பிலேயே நன்றாக நடிக்கக்கூடிய தோழி ஒருத்தி, தொண்டை சரியில்லை என்று சொல்லி விலகிக்கொண்டாள். அவள் தொண்டைக்கு ஒரு குறையும் இல்லை என்பது எங்களுக்குத் தெரியும். வண்ண விளக்கும் சரிகை உடையும் மேடைக்கு வந்தன, அவள் வரவில்லை.

பணம் இல்லாவிட்டால் நாடகம் சிறக்காதா? நம் தொண்டை நாட்டுத் தெருக்கூத்து இதற்கு என்றோ விடை சொல்லிவிட்டது. திரௌபதி அம்மன் கோயில் பாரத விழாவில் ஊரே மேடை. பகாசுரன் வதத்தன்று பீமன் வேடமிட்டவர் வண்டியில் தெருத் தெருவாக வருவார். வீட்டுக்கு வீடு சோறும் குழம்பும் கொண்டுவந்து கொடுப்பார்கள். சோறிட்ட பாட்டி அந்தக் கணமே பாரதக் கதைக்குள் போய்விடுகிறாள்! அவளுக்கு ஒத்திகை ஏது, உடை வாடகை ஏது? அர்ச்சுனன் தபசன்று உயர்ந்த கம்பத்தின் உச்சியிலிருந்து விழும் எலுமிச்சம்பழத்துக்குப் பெண்கள் முந்தானை ஏந்தி நிற்பார்கள். படுகளத்தில் துரியோதனன் மண்ணால் ஆன பேருருவாகத் தரையில் கிடப்பான். திரைச்சீலையோ, இருவர் பிடித்து நிற்கும் ஒரு துணி, அவ்வளவுதான்.

நாம் ஆண்டுதோறும் அமைக்கும் குடிலின் கதையும் இத்தகையதே. 1223ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு இரவில், இத்தாலியின் கிரேச்சோ என்னும் சிற்றூரில் அசிசியின் புனித பிரான்சிஸ் வைக்கோலையும் தீவனத் தொட்டியையும் உயிருள்ள மாட்டையும் கழுதையையும் வைத்தார். பந்தம் ஏந்தி வந்த ஊர் மக்கள் பார்வையாளர்களா, இடையர்களா?

நம் பள்ளியிலும் இது முடியும் என்பது என் தாழ்மையான கருத்து. பூவிருந்தவல்லியை அடுத்த செம்பரம்பாக்கம் ஏரி 2019 கோடையில் வறண்டதை நம் பெற்றோர் மறந்திருக்க மாட்டார்கள். வாயிலிலேயே ஆளுக்கொரு குடமும் எண் எழுதிய சீட்டும் கொடுத்து வரிசையில் நிறுத்துவோம். தண்ணீர் லாரி வரும் என்பாள் ஒருத்தி. வராது என்பாள் இன்னொருத்தி. வரிசையில் சண்டை மூளும். சண்டையிடுபவள் நடிக்கிறாளா, உண்மையிலேயே கோபமா என்று யாருக்கும் தெரியக்கூடாது! அடுத்து வகுப்பறை. அங்கே 2015 டிசம்பர். அதே ஏரி நிரம்பித் திறந்துவிடப்பட்ட இரவு. மங்கிய விளக்கு, தரையில் ஈரச் சாக்கு, செருப்பைக் கழற்றிவிட்டு நடக்க வேண்டும். குடம் வீட்டிலிருந்து வரும், சாக்கு அரிசிக் கடையில் கிடைக்கும். முதியோருக்கு நாற்காலி போட்டு, கதவுகளைத் திறந்தே வைக்க வேண்டும், சிறுமிகள் பயப்படுவார்கள்.

"எல்லாப் பெற்றோரும் ஒரே நேரத்தில் எப்படி நுழைவார்கள்?" என்று அருட்சகோதரிகள் கேட்கலாம். நியாயமான கேள்வி. நாற்பது பேராகத்தான் அனுப்ப முடியும். ஆகவே நாடகத்தைப் பத்து முறை நடத்த வேண்டும். பத்துக் குழுக்கள் வேண்டும். இதைக் குறை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வழக்கமாக ஒரு நாடகத்தில் பன்னிரண்டு பேருக்கு மேல் இடம் கிடைப்பதில்லையே!

வரிசையில் சண்டையிடும் வேடம் யாருக்கு என்று நான் இப்போதே முடிவு செய்துவிட்டேன். அவள் வீட்டில் ஒரு பச்சைக் குடம் இருக்கிறது.