கைது கறுப்பருக்கு, கடை யாருக்கு?

அமெரிக்காவில் கஞ்சா விற்பனை சட்டப்பூர்வமானதைப் பெரிய விடுதலையாகக் கொண்டாடும் பதிவுகளை நம் தோழர்கள் பலர் பகிர்கிறார்கள். போலீஸ் கையிலிருந்த ஒரு தடி பிடுங்கப்பட்டது என்ற அளவில் எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் பிடுங்கிய தடியை யார் கையில் கொடுத்தார்கள்? கலிஃபோர்னியா போன்ற மாநிலங்களில் அது நகர மன்றங்களின் கைக்குப் போயிருக்கிறது. ஊருக்குள் கடை வரலாமா, எத்தனை வரலாம், எந்தத் தெருவில், யார் பெயரில் என்பதையெல்லாம் அந்தந்த நகரமே முடிவு செய்யும். இதற்கு அங்கே ‘உள்ளூர்க் கட்டுப்பாடு’ என்று பெயர். ஊர்க்கட்டுப்பாடு என்ற சொல்லைக் கேட்டு வளர்ந்த நமக்கு அந்தப் பெயரே பாதிக் கதையைச் சொல்லிவிடும்.

2016 நவம்பரில் கலிஃபோர்னியா வாக்காளர்களில் சுமார் 57 விழுக்காட்டினர் 64ஆம் முன்மொழிவை ஆதரித்தார்கள். 2018 ஜனவரி 1 முதல் கடைகள் திறந்தன. ஆனால் எந்த நகரமும் தன் எல்லைக்குள் கடையே கூடாது என்று தடுக்கலாம் என அதே சட்டம் சொன்னது. மாநிலத்தின் நகரங்களிலும் மாவட்டங்களிலும் பாதிக்கு மேல் அப்படித்தான் தடுத்தன. பணக்காரர்கள் வாழும் பெவர்லி ஹில்ஸில் கடை கிடையாது. அதை ஒட்டியிருக்கும் வெஸ்ட் ஹாலிவுட்டில் உண்டு. காரில் போய் வாங்கிவந்து தன் வீட்டுத் தோட்டத்தில் உட்கார்ந்து புகைத்துக்கொள்ளலாம். தெருவின் மானமும் போகாது, நிலத்தின் விலையும் குறையாது.

இத்தனை காலம் இதற்காகச் சிறைக்குப் போனவர்கள் யார்? அமெரிக்கக் குடியுரிமைகள் ஒன்றியம் 2013இல் வெளியிட்ட அறிக்கையின்படி, கறுப்பர்களும் வெள்ளையர்களும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் கஞ்சா பயன்படுத்துகிறார்கள். ஆனால் கறுப்பர் ஒருவர் அதற்காகக் கைதாகும் வாய்ப்பு வெள்ளையரைவிட 3.73 மடங்கு. ஓக்லண்ட் நகரை எடுத்துக்கொள்வோம். 1966இல் கருஞ்சிறுத்தைகள் கட்சி பிறந்த ஊர். ஆறாண்டு கழித்து பம்பாயில் தலித் சிறுத்தைகள் தங்கள் பெயரை எடுத்துக்கொண்டது அந்தக் கட்சியிடமிருந்துதான். 2015 வாக்கில் அங்கே கறுப்பர்களும் வெள்ளையர்களும் தலா 30 விழுக்காடு அளவில் வாழ்ந்தார்கள். 2015இல் அங்கே கஞ்சா தொடர்பாகக் கைதானவர்களில் 77 விழுக்காட்டினர் கறுப்பர்கள், 4 விழுக்காட்டினர் வெள்ளையர்கள்.

இந்தக் கணக்கை ஓக்லண்ட் நகராட்சியே எழுதி ஒப்புக்கொண்டது என்பதைப் பாராட்டத்தான் வேண்டும். 2017இல் அது கொண்டுவந்த திட்டப்படி, முதல் கட்ட உரிமங்களில் பாதி குறைந்த வருமானமுள்ள உள்ளூர்வாசிகளுக்கு. அவர்கள் கஞ்சா வழக்கில் தண்டனை பெற்றவர்களாகவோ, போலீஸ் அதிகமாக வேட்டையாடிய குறிப்பிட்ட பகுதிகளில் நீண்ட காலம் வாழ்ந்தவர்களாகவோ இருக்க வேண்டும். தண்டனையையே தகுதியாக மாற்றிய விதி. இடஒதுக்கீட்டை எதிர்ப்பவர்கள் அங்கேயும் ‘தகுதி’ பற்றிப் பேசினார்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

உரிமம் கிடைத்தது. முதல்? மத்தியச் சட்டம் 1970 முதல் கஞ்சாவை மிகக் கடுமையான தடைப்பட்டியலில் வைத்திருந்ததால் பெரிய வங்கிகள் இந்தத் தொழிலுக்குக் கடன் தரவில்லை. கைக்காசு உள்ளவன்தான் கடை வைக்க முடியும். உரிமம் வரும்வரை மாதக்கணக்கில் காலிக் கட்டடத்துக்கு வாடகையும் கட்ட வேண்டும். இதற்கு ஓக்லண்ட் ஒரு வழி சொன்னது: ஒதுக்கீட்டில் வரும் ஒருவருக்கு மூன்றாண்டுகள் 1,000 சதுர அடி இடத்தை வாடகையின்றிக் கொடுக்கும் முதலாளிக்கு, உரிம வரிசையில் முன்னுரிமை. நல்ல எண்ணம்தான். ஆனால் பல நகரங்களில் இத்தகைய ஏற்பாடுகள் எங்கே போய் முடிந்தன என்பதை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பெயர்ப்பலகையில் கறுப்பர், கல்லாவில் முதலீட்டாளர். தனித்தொகுதி ஊராட்சியின் தலைவரைத் தரையில் உட்காரவைத்துவிட்டு நாற்காலியில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று பார்த்த கண்களுக்கு இது புதிதல்ல. பினாமி என்ற சொல்லை அமெரிக்கர்கள் நம்மிடமிருந்து கடன் வாங்கிக்கொள்ளலாம்.

என் முனைவர் பட்ட ஆய்வுக்காக நகராட்சி உரிம விதிகளைப் படித்துக்கொண்டிருக்கிறேன். இப்போதைய விதிகளில் இனம், சாதி என்ற சொற்கள் இருப்பதில்லை. அடிக்கணக்கு இருக்கும். பள்ளியிலிருந்து 600 அடி தள்ளி, பிறகு அந்தந்த நகரத்தின் விருப்பப்படி பூங்காவிலிருந்து இவ்வளவு, குடியிருப்பிலிருந்து இவ்வளவு. வரைபடத்தில் வட்டங்களைப் போட்டு முடித்தால் எஞ்சுவது சில மனைகள். அந்த மனைகளின் சொந்தக்காரர் மறுநாளே வாடகையை ஏற்றிவிடுவார்.

சொல்லாமல் ஒதுக்கும் இந்தக் கலை அங்கே பழையது. 1880இல் சான் பிரான்சிஸ்கோ நகரம், மரக்கட்டடத்தில் சலவைக்கடை நடத்த மேற்பார்வையாளர் குழுவின் அனுமதி வேண்டும் என்றது. காரணம் தீ விபத்தாம். சீனர் என்ற சொல்லே விதியில் இல்லை. ஆனால் சீனர்கள் போட்ட சுமார் 200 மனுக்களும் தள்ளுபடியாயின. மற்றவர்கள் போட்ட எண்பது சொச்சம் மனுக்களில் ஒன்று தவிர எல்லாம் ஏற்கப்பட்டன. 1886இல் யிக் வோ வழக்கில் உச்ச நீதிமன்றம் தலையிட்டு, விதி நடுநிலையாக இருந்தாலும் அதை நிறைவேற்றும் கை நடுநிலையாக இல்லை என்று சொல்ல வேண்டியிருந்தது. சலவைக்கடை என்ற இடத்தில் கஞ்சாக்கடை என்று எழுதிப் படித்துப் பாருங்கள்.

இன்னொரு பக்கமும் உண்டு. கடை வைக்க ஆள் தேர்ந்தெடுக்கும்போது ஏழைகள் வேண்டாம். கிடங்கு வைக்க இடம் தேடும்போது ஏழைகளின் பகுதி வேண்டும். டென்வரில் கஞ்சா வளர்ப்புக் கிடங்குகள் குவிந்த இடங்களில் ஒன்று எலிரியா-ஸ்வான்சி. லத்தீன் அமெரிக்க வம்சாவளித் தொழிலாளர்கள் பெரும்பான்மையாக வாழும் பகுதி. ஏற்கெனவே நெடுஞ்சாலையும் தொழிற்சாலைகளும் சூழ்ந்தது. நம் ஊரில் குப்பைக்கிடங்கு எங்கே வருகிறதோ அங்கேதான்.

உள்ளூருக்கு அதிகாரம் கொடுத்தால் ஊழல் குறையும் என்பவர்களுக்கு மாசசூசெட்ஸின் ஃபால் ரிவர் நகரம் இருக்கிறது. அந்த மாநிலத்தில் கடை திறக்க நகர நிர்வாகத்தின் எதிர்ப்பில்லாக் கடிதம் வேண்டியிருந்தது. அந்தக் கடிதத்துக்கு லட்சக்கணக்கான டாலர் கேட்டு மிரட்டியதாக ஃபால் ரிவரின் இளம் மேயர் ஜேசியல் கொரேயா 2019இல் கைதானார். 2021இல் ஆறாண்டு சிறைத்தண்டனை பெற்றார். இப்படிப்பட்ட கல்லாவில் ஏழை விண்ணப்பதாரர் எதைக் கட்டுவார்?

1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர், கிராமத்தை அரசின் அடிப்படை அலகாக்கச் சொன்னவர்களைக் கிழித்துத் தொங்கவிட்டார். உள்ளூர் என்பது தானாகவே ஜனநாயகம் ஆகிவிடாது. அங்கே யாருடைய கை ஓங்கியிருக்கிறதோ அவர்களுடைய ஆட்சிதான் அது. பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் நாட்டார்மங்கலத்திலும் 1996 முதல் 2006 வரை பட்டியல் சாதியினர் ஒருவர் தலைவராகி நிலைக்க முடியாமல் தடுத்ததும் ‘ஊர்’தான்.

அப்படியானால் டாஸ்மாக் கடையை எதிர்த்துக் கிராமசபையில் தீர்மானம் போடும் பெண்களை என்ன சொல்வாய் என்று ஒரு தோழர் கேட்டார். நியாயமான கேள்வி. என் பதில் காம்ப்டன் நகரம். கறுப்பர்களும் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரும் வாழும் உழைப்பாளிகளின் ஊர் அது. 2018 ஜனவரியில் கஞ்சாக்கடை வேண்டாம் என்று பெருவாரியாக வாக்களித்தார்கள். போதைப்பொருள் ஒழிப்பு என்ற பெயரில் நடந்த போரையும் போதையின் சேதத்தையும் தாங்கியவர்கள் அவர்கள். அவர்களின் ‘வேண்டாம்’ எனக்கு மதிப்புக்குரியது, நம் பெண்களின் தீர்மானத்தைப் போலவே. பெவர்லி ஹில்ஸின் ‘வேண்டாம்’ அப்படிப்பட்டதல்ல. இரண்டையும் உள்ளூர் விருப்பம் என்ற ஒரே சாக்கில் போட்டுக் கட்டுவதுதான் மோசடி.

எனவே என் கோரிக்கை உள்ளூர் அதிகாரத்தை ஒழிப்பதல்ல. யாருக்கு உரிமம் என்ற ஒதுக்கீட்டை மாநிலச் சட்டம் தீர்மானிக்க வேண்டும். நகர மன்றம் அதில் கை வைக்கக் கூடாது. கடனையும் அரசே தர வேண்டும். மாசசூசெட்ஸ் 2022இல் நகரங்கள் பிடுங்கும் கட்டணத்துக்குக் கடிவாளம் போட்டு, கஞ்சா வரியில் 15 விழுக்காட்டை இப்படியான விண்ணப்பதாரர்களுக்கான நிதியத்துக்கு ஒதுக்கியது. இலினாய்ஸின் எவன்ஸ்டன் நகரம் கஞ்சா வரியிலிருந்து ஒரு கோடி டாலரைக் கறுப்பின மக்களுக்கான இழப்பீடாக ஒதுக்கி, 2021இல் முதல் தவணையாகத் தலா 25,000 டாலர் வீட்டு உதவியாகத் தர ஒப்புதல் கொடுத்தது. சின்னத் தொகை. ஆனால் கொடுமைக்கும் வரிக்கும் உள்ள கணக்கை ஒரே பேரேட்டில் எழுதியிருக்கிறார்கள்.

இங்கே இது இன்னும் திறக்காத கதவு. 1985இன் போதைப்பொருள் சட்டம் கஞ்சா என்பதற்குச் செடியின் பூவையும் காயையும் காட்டுகிறது, இலையை விட்டுவிடுகிறது. அதனால் வாரணாசியில் பாங்கு விற்க அரசு உரிமம் பெற்ற கடை இருக்கிறது. நம் குடிசைப்பகுதிப் பையன் பொட்டலத்தோடு பிடிபட்டால் ஜெயில். அதே சட்டத்தின் 10ஆம் பிரிவு, பயிரிட உரிமம் தரும் அதிகாரத்தை மாநிலங்களுக்குக் கொடுத்திருக்கிறது. இமாச்சலப் பிரதேசச் சட்டமன்றம் 2024 செப்டம்பரில் மருத்துவ, தொழில் பயன்பாட்டுக்காகக் கஞ்சா பயிரிடலாம் என்ற குழு அறிக்கையை ஏற்றுக்கொண்டது. நாளை அங்கே உரிம விண்ணப்பம் அச்சாகும்போது, பட்டா எண் கேட்கும் கட்டத்துக்குப் பக்கத்தில் வேறென்ன கட்டங்கள் இருக்க வேண்டும் என்பதை இப்போதே பேசத் தொடங்கலாம்.