பழுதான சூரிய மின்கருவியும் பணம் திரும்பப் பெறும் உரிமையும்

வீட்டுக் கூரைமீது சூரிய மின்கருவி அமைப்போர் தொகை பெருகி வருகிறது. 2024 பிப்ரவரியில் தொடங்கப்பட்ட மத்திய அரசின் சூர்ய கர் திட்டத்தில் 2 கிலோவாட்டுக்கு ரூ. 60,000-மும், 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் ஆயின் ரூ. 78,000-மும் மானியமாக அறிவிக்கப்பட்டன. இது வரவேற்கத்தக்கதே. ஆயினும், வாங்கிய கருவி பழுதானால் செய்ய வேண்டுவது யாது என்பதை அங்கத்தினர்கள் முன்கூட்டியே அறிந்திருத்தல் அவசியம்.

நெசவாளர் ஒருவர் கடன் பெற்று 1 கிலோவாட் கருவி அமைத்தார் எனக் கொள்வோம். நல்ல வெயிலில் நாளொன்றுக்குச் சுமார் 4 யூனிட் கிடைத்தல் வேண்டும். ஒரு யூனிட்டுக்கே திண்டாட்டமாகிறது. விற்றவர் ஆளனுப்பிச் சரிசெய்கிறார். மறுமாதம் மீண்டும் பழுது. பணத்தைத் திருப்பிக் கேட்டால், "தகட்டுக்கு 25 ஆண்டு உத்தரவாதம் உண்டு, இன்வர்ட்டர் எங்கள் தயாரிப்பன்று" என்கிறார். கருவி உழைக்காவிடினும் கடனுக்கு வட்டி ஏறிக்கொண்டேயிருக்கும்.

இவ்விடையை ஏற்க வேண்டுவதில்லை. தகடு, இன்வர்ட்டர், பேட்டரி யாவற்றையும் ஒரே பில்லில் ஒரே விலைக்கு விற்றவர் முழு அமைப்புக்கும் பதில் கூறவேண்டியவரே. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், குறையுள்ள பொருளைத் திரும்ப ஏற்று, பில்லில் கண்ட காலத்துக்குள், காலம் குறிக்கப்படாவிடில் 30 நாட்களுக்குள், பணத்தைத் தர மறுப்பதை முறையற்ற வணிகம் என்றே கூறுகிறது. பில் கொடாமையும் அவ்வாறே.

விற்றவர் இணங்காவிடில் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை நாடலாம். கொடுத்த விலை ரூ. 5 லட்சத்துக்கு மேற்படாவிடில் மனுக் கட்டணம் இல்லை. விற்றவர் எவ்வூரினராயினும், நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே மனுச் செய்யலாம், வழக்கறிஞர் கட்டாயமில்லை. "தறிக்குப் பயன்படுத்தினீர், ஆதலின் நீர் நுகர்வோர் அல்லர்" என்ற வாதம் எழக்கூடும். சுயதொழிலால் பிழைப்பு நடத்துதற்கென்றே வாங்கியவரைச் சட்டம் நுகர்வோராகவே கருதுகிறது. கூலியாட்களைக் கொண்டு பெருந்தொழில் நடத்துவோர் நிலை வேறு.

காலவரம்பு 2 ஆண்டு என்பதை மறத்தலாகாது. "அடுத்த வாரம் வருகிறோம்" என்னும் வாய்மொழியை நம்பிக் காலம் கடத்துவோரே பெரும்பாலும் உரிமையை இழக்கின்றனர்.

ஒன்று நேர்மையாகச் சொல்ல வேண்டும். மின்சாரம் குறைந்த போதெல்லாம் கருவியே குற்றவாளியன்று. தகட்டில் படியும் தூசும், அருகிலுள்ள வேம்பின் நிழலும், மழைக்கால மேகமும் உற்பத்தியைக் குறைக்கும். தகட்டைத் துடைத்துப் பார்த்த பின்னரே புகார் செய்தல் முறை. உண்மைப் பழுதெனில் அதற்குச் சான்று வேண்டும். நாள்தோறும் மாலையில் மீட்டர் கணக்கை ஒரு நோட்டில் குறித்து வருக. புகாரை எழுத்திலேயே விரைவுத் தபாலில் அனுப்பி, ரசீதையும் நகலையும் பத்திரப்படுத்துக. இன்வர்ட்டரைக் கழற்றிச் செல்ல வந்தால், அதன் எண்ணும் தேதியும் கண்ட ரசீதின்றிக் கொடாதீர். அசல் பில்லை எவரிடமும் கொடாதீர். ஆலோசனைக்கு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் உளது.

சங்கங்களுக்கும் இதில் கடமையுண்டு. இத்தகைய கருவிக்குக் கடன் வழங்கும் சங்கம் முழுத் தொகையையும் முதல் நாளே விற்பவரிடம் செலுத்திவிடுதல் விவேகமன்று. ஒரு பகுதியை நிறுத்தி வைத்து, 30 நாள் மீட்டர் கணக்கைக் கண்டபின் கொடுக்கலாம் என்பது என் கருத்து. இந்நிபந்தனையை விலை பேசும்போதே எழுத்தில் பெறுதல் வேண்டும். நாணயமாக வியாபாரம் செய்பவர் இதற்கு மறுக்கார். மறுப்பவரிடம் வாங்காமலிருத்தலே லாபம். கைவிட்டுப் போன பணத்துக்கு ஆணையத்தின் வாயிலில் நிற்பதைக் காட்டிலும், கையிலுள்ள பணத்தைக் கொண்டு நல்ல கருவியைக் கேட்டுப் பெறுதல் எளிது. தனித்து நிற்கும் அங்கத்தினருக்கு இயலாத இப்பேரத்தைச் சங்கம் அவருக்காகப் பேசுமாயின், அதுவே கூட்டுறவின் பயன்.