ஏழு ராஜாக்களும் ஒரு தபால்காரரும்

தாயக்கட்டை ஆடுகிறோம். தாயம் விழவில்லை. யாரைக் கோபித்துக்கொள்வது? கட்டையைத்தான். பரமபதத்தில் பெரிய பாம்பு விழுங்கிவிட்டது. யாரை நோவது? நம் தலையெழுத்தைத்தான். ஆட்டம் முடிந்ததும் எல்லோரும் சேர்ந்து காபி சாப்பிடலாம். யாருக்கும் யார்மேலும் மனஸ்தாபம் இல்லை.

ஆனால் கட்டையும் கிடையாது, பாம்பும் கிடையாது, நம்மைக் கவிழ்த்தது, சற்று முன்தான் “உன்னை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்?” என்று கையைப் பிடித்துக்கொண்டு பேசிய சிநேகிதி என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது காபி இறங்குமா?

அப்படியும் ஒரு விளையாட்டு இருக்கிறது, சகோதரிகளே! அதற்குப் பெயர் ‘டிப்ளமஸி’. நம் பாஷையில் ராஜதந்திரம். ஹார்வர்டு சர்வகலாசாலையில் படித்த ஆலன் கால்ஹாமர் என்ற அமெரிக்கர் 1954-ல் இதை வகுத்து முடித்தார். முதல் உலக மகாயுத்தம் மூண்ட கதையைப் படித்ததிலிருந்து பிறந்த யோசனை இது. கம்பெனிகள் “வேண்டாம்” என்று கையை விரித்துவிடவே, மனிதர் சளைக்காமல் 1959-ல் தம் செலவிலேயே 500 பெட்டிகள் தயாரித்து விற்றார். ஜனாதிபதி கென்னடிக்கும், ஹென்றி கிஸ்ஸிங்கருக்கும் பிடித்தமான ஆட்டம் இது என்று பிற்பாடு சொல்லிக்கொண்டார்கள்.

ஆட்டம் எப்படி என்று கேட்கிறீர்களா? ஐரோப்பாப் படம் ஒன்று. வருஷம் 1901. ஏழு பேர் ஏழு ராஜ்யங்கள்: இங்கிலாந்து, பிரான்ஸ், ஜெர்மனி, இத்தாலி, ஆஸ்திரியா, ருஷ்யா, துருக்கி. ருஷ்யாவுக்கு மட்டும் நாலு படை, மற்றவர்களுக்கு மும்மூன்று. படத்தில் மொத்தம் 34 முக்கிய இடங்கள். அவற்றில் 18-ஐப் பிடித்தவர் ஜெயித்தவர். பகடை இல்லை; சீட்டுக்கட்டு இல்லை; அதிர்ஷ்டத்துக்கு இங்கே வேலையே இல்லை.

சூட்சுமம் இதுதான்: எல்லாப் படைக்கும் சம பலம். ஒன்றோடொன்று மோதினால் இரண்டும் நின்ற இடத்திலேயே நிற்கும். பக்கத்தில் இன்னொரு படை துணைக்கு வந்தால்தான் ஒன்று முன்னேறலாம். மூன்று படையை வைத்துக்கொண்டு துணைக்கு எங்கே போவது? அடுத்த ராஜ்யத்தைத்தான் கெஞ்ச வேண்டும். ஆகவே ஒவ்வொரு தடவையும் காய் நகர்த்துமுன் பேச்சு, பேச்சு, ஓயாத பேச்சு! தாழ்வாரத்தில் இருவர், சமையலறையில் இருவர் என்று குசுகுசுவென்று ஒப்பந்தம் செய்துகொள்கிறார்கள். பிறகு ஒவ்வொருவரும் தம் படைக்கு உத்தரவை ரகசியமாகச் சீட்டில் எழுதுகிறார்கள். எல்லாச் சீட்டையும் ஒரே சமயத்தில் பிரிக்கிறார்கள்.

வாயால் கொடுத்த வாக்கைத்தான் சீட்டில் எழுத வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. அங்கேதான் இருக்கிறது விஷயம்!

இத்தாலியின் படை வெனிஸ் நகரில் நிற்கிறது. ஆஸ்திரியாவின் கப்பல் அதற்கு அடுத்தாற்போல் டிரியெஸ்ட் துறைமுகத்தில் நிற்கிறது. முதல் நாளிலிருந்தே சுவரொட்டிய வீடுகள். “நீ என் பக்கம் வராதே, நான் உன் பக்கம் வரமாட்டேன்” என்று இருவரும் சத்தியம் செய்துகொள்ளலாம். காவலை எடுத்துவிட்டு வேறு பக்கம் போனவர், சீட்டைப் பிரிக்கும்போது என்ன கண்டாரோ, அதுதான் அந்தச் சத்தியத்தின் விலை.

இதை நேரில் ஆட ஏழு பேர் கிடைக்க வேண்டும். அரை நாளாவது ஒழிய வேண்டும். லேசான காரியமா? 1963-ல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் ஜான் போர்டுமன் என்பவர் ‘கிராஸ்டார்க்’ என்ற சிறு பத்திரிகையை ஆரம்பித்து, தபால் மூலமாகவே ஆட்டத்தை நடத்தினார். ஆட்டக்காரர்கள் ஒருவருக்கொருவர் கடிதம் எழுதிக்கொள்வார்கள். உத்தரவுகளைக் குறித்த தேதிக்குள் ஆசிரியருக்கு அனுப்புவார்கள். முடிவுகள் பத்திரிகையில் வெளியாகும். பின்னால் கம்ப்யூட்டர் வந்தது. கடிதம் நொடியில் போய்ச் சேர்ந்தது. ஆனாலும் ஆட்டம் பழைய ஆட்டம்தான்: எழுத்து, எழுத்துக்கு மேல் எழுத்து.

சரி, ஆடியவர்கள் என்ன சொல்கிறார்கள்?

ஒரு கட்சி சொல்கிறது: “வேண்டவே வேண்டாம், ஐயா! எத்தனையோ வருஷச் சிநேகிதம் ஒரு சாயங்காலத்தில் போய்விடும்.” இதில் நியாயம் இல்லாமல் இல்லை. தோற்றவன் பழி போடுவதற்குப் பகடை ஒன்று இருந்தால் சிநேகிதம் பிழைக்கும். இங்கே பழி போட ஆள் மட்டும்தான் உண்டு. போதாக்குறைக்கு, முதலில் ராஜ்யம் இழந்தவர் மற்ற ஆறு பேரும் ஆடி முடிக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். கோபத்தை ஆற்றிக்கொள்ளவா, வளர்த்துக்கொள்ளவா அத்தனை நேரம்?

எதிர்க்கட்சி சொல்கிறது: “நாடகத்தில் வில்லனாக நடித்தவனை வீட்டுக்குள் விடமாட்டீர்களா? பொய் சொல்லலாம் என்பது எல்லோருக்கும் முன்கூட்டியே தெரிந்த விதி. தெரிந்து ஆடியபின் அழுவானேன்?” இவர்களுக்கும் ஒரு மரியாதை உண்டு. ஒரு ஆட்டத்தில் பட்ட காயத்துக்கு அடுத்த ஆட்டத்தில் பழி தீர்த்துக்கொள்வதை இவர்கள் அநாகரிகமாக நினைக்கிறார்கள். கணக்கு அன்றைக்கே முடிந்துவிட வேண்டும். நாத்தனார் பத்து வருஷத்துக்கு முன் சொன்ன வார்த்தையை இன்றைக்கும் எடுத்துக்காட்டும் நமக்கு இது சற்றுக் கடினமான விதிதான்!

கடிதமா, நேரிலா என்பதிலும் அபிப்பிராய பேதம் உண்டு. கடிதத்தில் நிதானமாக யோசிக்கலாம். முகம் காட்டிக் கொடுக்காது. ஆனால் நேரில் சொன்ன பொய் காற்றோடு போகும். எழுதிய பொய் நிற்கும். ஆஸ்திரியாவுக்கு எழுதியதை ஆஸ்திரியா துருக்கிக்கு அப்படியே காட்டிவிட்டால்?

எனக்கு ஆச்சரியமாயிருந்தது மூன்றாவது கட்சி. பல வருஷம் ஆடிப் பழுத்தவர்கள் இவர்கள். ‘பொய்யிலே கைதேர்ந்தவர்களாக இருப்பார்கள்’ என்றுதானே நினைப்போம்? இவர்கள் புதியவர்களுக்குச் சொல்லும் புத்திமதி வேறு: “கூடுமானவரை மெய்யே சொல். சின்ன விஷயத்துக்குப் பொய் சொல்லாதே. ஒரு தடவை பிடிபட்டால் அப்புறம் துணைக்கு ஒருவரும் வரமாட்டார்கள். துணை இல்லாவிட்டால் உன் படை ஓர் அடி நகராது.” கோர்ட்டும் போலீஸும் இல்லாத ராஜ்யத்தில் ஒருவர் வாக்குக்கு ஜாமீன், அவர் முன்பு காப்பாற்றிய வாக்குத்தான். இரவல் வாங்கிய சர்க்கரையைத் திருப்பிக் கொடுத்தவளுக்குத்தானே அடுத்த தடவை டம்ளர் நிறைகிறது?

இதற்கு ஒரு பரீட்சையும் நடந்தது. 2022-ல் மெட்டா கம்பெனியார் ‘சிசரோ’ என்ற கம்ப்யூட்டர் மூளையை இந்த ஆட்டத்தில் இறக்கினார்கள். 40 ஆட்டங்கள், எதிரே 82 மனிதர்கள். ஆடும்போது, தங்களுக்குக் கடிதம் எழுதுவது யந்திரம் என்று அவர்களுக்குத் தெரியாது. ஒன்றுக்கு மேற்பட்ட ஆட்டம் ஆடியவர்களில் சிசரோ முதல் 10 சதவிகிதத்துக்குள் வந்துவிட்டது! பெரும்பாலும் நேர்மையாகப் பேசும்படி அதைப் பழக்கியிருப்பதாகக் கம்பெனியார் சொன்னார்கள்.

2024-ல் வேறு சில ஆராய்ச்சியாளர்கள் அந்த ஆட்டங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “நேர்மையா?” என்று கேட்டார்கள். பிரான்ஸாக ஆடிய சிசரோ, வட கடலில் படையெடுப்பதென்று ஜெர்மனியோடு ரகசியமாகத் திட்டம் போட்டது. அதே கையோடு இங்கிலாந்திடம், “வட கடலுக்கு யார் வந்தாலும் உனக்கு நான் துணை” என்று சொல்லிவிட்டது. இன்னொரு சமயம் யந்திரம் பத்து நிமிஷம் நின்றுபோயிற்று. எங்கே போனாய் என்ற பேச்சு வந்ததும், காதலியோடு டெலிபோனில் பேசிக்கொண்டிருந்ததாகச் சொன்னதாம்! சிரிப்பு வருகிறது, கூடவே கொஞ்சம் பயமாகவும் இருக்கிறது. ஏமாற்றிவிட்டு மறுநாள் காலையில் சிநேகிதி முகத்தில் விழிக்க வேண்டிய சங்கடம் யந்திரத்துக்கு இல்லை. நமக்கு இருக்கிறது. மனிதர்கள் ஆடும்போது உண்மையில் பணயம் வைப்பது படத்திலுள்ள 34 இடங்களை அல்ல. அந்த மறுநாள் காலையைத்தான்.

ஆகையால் வீட்டில் யாராவது இந்தப் பெட்டியைப் பிரித்தால், தடுக்க வேண்டாம். ‘ஆட்டத்தில் சொன்னது ஆட்டத்தோடு போயிற்று’ என்று முதலிலேயே எல்லோரும் ஒப்புக்கொள்ளட்டும். ஒப்புக்கொள்ள முடியாதவர் வேடிக்கை பார்க்கட்டும். அதுவும் ஒரு ரசனைதான். குழந்தைகள் உட்கார்ந்தால் இன்னும் நல்லது. யார் தேன் ஒழுகப் பேசுகிறார்கள், யார் சொன்னபடி எழுதுகிறார்கள் என்று சீட்டுப் பிரிக்கும் நேரத்தில் தெரிந்துகொள்வார்கள். அந்தப் பாடத்தைப் பிற்பாடு வெளி உலகத்தில் படித்தால் செலவு அதிகம்.

ஆமாம், ஆட்டத்தை வகுத்த கால்ஹாமர் என்ன ஆனார்? பெரிய ராஜதந்திரி ஆகவில்லை. சிகாகோவுக்கு அருகே லாகிரேஞ்ச் பார்க் என்ற ஊரில் தபால்காரராக வேலை பார்த்தார். 2013-ல் தமது 81-வது வயதில் காலமானார். வாக்கு மாறலாம் என்று ஓர் ஆட்டத்தையே அமைத்த மனிதரை நம்பித்தான் அந்த ஊரார் தங்கள் கடிதங்களுக்காகத் தினமும் வாசலில் காத்திருந்தார்கள்!