இறகுப் பலகைக்கு இயற்பியல் வகுப்பில் இடம் வேண்டும்

மரவேலைப் பட்டறைச் சுவரில் ‘கவனம்’ என்று பெரிதாக எழுதியிருப்பார்கள். எழுதட்டும், தப்பில்லை. ஆனால் மேசை ரம்பத்தின் முன் கவனம் மட்டும் எவ்வளவு தூரம் கைகொடுக்கும்? கணக்குப் போட்டுப் பாருங்கள், மாணவர்களே. 10 அங்குல ரம்பத் தகடு நிமிடத்துக்குச் சுமார் 4,000 முறை சுழல்கிறது என்று கொள்வோம். அதன் பற்களின் வேகம் வினாடிக்கு 53 மீட்டர், அதாவது மணிக்கு 190 கிலோமீட்டர். ஆபத்தைக் கண்டு நாம் கையை இழுக்கத் தொடங்கவே ஏறக்குறைய 0.2 வினாடி ஆகும். அதற்குள் தகடு 13 சுற்றுச் சுற்றிவிடும்.

ஆகவே கையைத் தகட்டிலிருந்து தள்ளியே வைக்க வேண்டும். அதற்கு உதவும் மலிவான சாதனம்தான் இறகுப் பலகை. பட்டறையில் ‘ஃபெதர்போர்டு’ என்பார்கள். ஒரு பலகையின் முனையை 30 முதல் 45 பாகை சாய்வாக வெட்டி, அங்கிருந்து மர இழையின் போக்கிலேயே வரிசையாகப் பிளவுகள் அறுத்தால், சீப்புப்போல விரல்கள் கிடைக்கும். இதை மேசையில் இறுகப் பொருத்தினால், அறுபடும் மரத்தை விரல்கள் பக்கத் தடுப்போடு அழுத்திப் பிடிக்கும். இந்தப் பிடி முக்கியம். மரம் தடுப்பைவிட்டுச் சற்றே திரும்பினாலும், தகட்டின் பின்பக்கப் பற்கள் அதைத் தூக்கி அறுப்பவர் மீதே எறிந்துவிடக்கூடும்.

மீனைத் தலையிலிருந்து வால்நோக்கித் தடவினால் வழுக்கும். எதிர்ப்பக்கமாகத் தடவினால் செதில் தடுக்கும். இங்கும் அப்படித்தான். விரல்கள் மரம் நகரும் திசையில் சாய்ந்திருப்பதால், முன்னே தள்ளும்போது வளைந்து வழிவிடுகின்றன. மரம் பின்னோக்கி வந்தால், உராய்வு விரல்களை நிமிர்த்தப் பார்க்கும். நிமிர இடமில்லாததால் அவை மரத்தை மேலும் அழுத்தும். ஒவ்வொரு விரலும் ஒரு சுருள்வில்தான். அதன் தடிமனைப் பாதியாக்கினால் விறைப்பு எட்டில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். அதனால்தான் சுமார் 6 மில்லிமீட்டர் தடிமன் வைக்கிறார்கள். ரொம்பத் தடித்தால் வளையாது, மெலிந்தால் பிடிக்காது.

மீள்தன்மைப் பாடத்தில் சுருள்வில்லில் எடைக்கல் தொங்கவிட்டு வரைபடம் வரைகிறோம். அது வேண்டியதுதான். ஆனால் அதோடு நிறுத்திக்கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை. ‘பள்ளி மாணவர்கள் மேசை ரம்பத்தைத் தொடப்போவதில்லையே’ என்று சிலர் கேட்கலாம். மூவாரில் மரத்தளவாடத் தொழில் எவ்வளவு பெரியது என்பது தெரிந்ததுதானே! உங்களில் சிலர் நாளை அப்படிப்பட்ட வேலைக்கோ, தொழிற்கல்லூரிக்கோ போவீர்கள். இந்தச் சீப்பை எங்கே வைப்பது என்று அங்கே போய்த் தடுமாறக் கூடாது. தகட்டுக்கு முன்னால்தான் வைக்க வேண்டும். தகட்டின் பக்கவாட்டில் வைத்தால், அறுந்த துண்டைத் தகட்டோடு நெருக்கி, எந்த ஆபத்தைத் தடுக்க வந்ததோ அதையே வரவழைக்கும். தகட்டின் பின்னுள்ள பிரிப்புத் தகட்டுக்கும் தள்ளு குச்சிக்கும் இது மாற்றும் அல்ல.

இதைச் சோதிக்க இயந்திரமே வேண்டாம். ஆசிரியரின் துணையோடு, கணு இல்லாத பலகைத் துண்டில் கை ரம்பத்தால் ஐந்தாறு விரல்கள் அறுங்கள். மேசையில் பொருத்தி, வழவழப்பான ஒரு சட்டத்தைத் தடுப்புக்கும் விரல்களுக்கும் இடையில் வைத்து, வில் தராசால் முன்னே இழுங்கள். பிறகு பின்னே இழுங்கள். இரு நியூட்டன் அளவுகளையும் குறித்துக்கொண்டு வகுப்புக்கு வாருங்கள்.